வயல் மண்ணின் சூட்டைப் பத்து வருடம் அளப்பதென்றால் என்ன வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்காக. உடுமலைப்பேட்டை பக்கம் மூன்று ஏக்கர் செம்மண், பாதியில் தென்னை, மீதியில் நிலக்கடலையும் சோளமும் மாறி மாறி. மண்ணின் வெப்பநிலையைக் குறைந்தது பத்து வருடமாவது விடாமல் பதிவு செய்ய வேண்டும் என்று ஆசை. எந்த சென்சார் வாங்குவது, எவ்வளவு ஆழத்தில் புதைப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை பதிவது, இணையத்தில் ஏற்ற வேண்டுமா என்று நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

சென்சாருக்காகப் படுகிற கவலையில் பாதியை எடுத்து, அதைப் புதைக்கப் போகும் இடத்துக்குக் கொடுங்கள். மீதியில் பாதியை ஒரு கெட்டி அட்டை நோட்டுக்குக் கொடுங்கள். நான் பார்த்தவரை, இப்படித் தொடங்கிய பதிவுகள் கருவி கெட்டுப்போய் நின்றதைவிட, மூன்றாம் வருடம் திரும்பிப் பார்க்கும்போது எந்த எண் எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்ப் பயனற்றுப் போனதுதான் அதிகம். ஏன் அப்படி ஆகிறது என்று புரிய, மண்ணுக்குள் சூடு எப்படி இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சின்னக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

பகல் வெயிலில் மேல்மண் கொதிக்கிறது, ராத்திரி ஆறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் அலையாகக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க இரண்டு விஷயம் நடக்கும்: அலையின் உயரம் குறையும், உச்சம் வந்து சேரும் நேரம் தள்ளிப்போகும். ஓரளவு ஈரமுள்ள மண்ணில் சுமார் 12 சென்டிமீட்டர் இறங்கினால் தினசரி ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகிவிடும் (0.37 மடங்கு), உச்சம் கிட்டத்தட்ட 3 மணி 50 நிமிடம் தாமதமாகும். காய்ந்த மண்ணில் இந்த 12 என்பது 8 வரை சுருங்கும், நல்ல ஈரத்தில் 14 வரை போகும். சித்திரை மாதத்தில் வெறும் செம்மண்ணின் மேற்பரப்பு விடியலில் 25, மதியம் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், அதாவது 30 டிகிரி ஊசலாட்டம். 12 சென்டிமீட்டர் கணக்குப்படி 5 சென்டிமீட்டரில் அது சுமார் 20 டிகிரியாகிறது, 10-ல் 13, 20-ல் ஐந்தரை, 30-ல் இரண்டரை. 50 சென்டிமீட்டருக்குப் போனால் அரை டிகிரி கூட இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் இரவு பகல் என்ற வித்தியாசமே கிடையாது.

வருடாந்திர அலை வேறு. அது 365 மடங்கு மெதுவானது என்பதால் அதன் வர்க்கமூலம், அதாவது 19 மடங்கு ஆழமாக இறங்கும். தினசரி அலைக்கு 12 சென்டிமீட்டர் என்றால் வருட அலைக்கு இரண்டேகால் மீட்டர். ஒரு மீட்டர் ஆழத்தில் மேலே நடக்கும் வருட ஏற்ற இறக்கத்தில் சுமார் 64 சதவீதம் மிஞ்சியிருக்கும், உச்சம் ஏறக்குறைய 26 நாள் பிந்தி வரும். உடுமலையில் சித்திரை வெயில் உச்சமென்றால் ஒரு மீட்டர் ஆழம் வைகாசியில்தான் தன் உச்சத்தைத் தொடும். மேலே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கி மேகமும் மூடி மண் ஆறத் தொடங்குகிற சமயத்திலும், கீழே சித்திரைச் சூடு அப்படியே உட்கார்ந்திருக்கும். உங்கள் பகுதியில் வருட வளைவு ஒற்றை மேடாகவும் இருக்காது. ஆனி, ஆடியில் ஒரு பள்ளம், புரட்டாசி வாக்கில் சின்னதாக இன்னொரு மேடு, அப்புறம் மார்கழிப் பள்ளம். ஐரோப்பியப் பாடப்புத்தகத்தில் வரும் அழகான ஒற்றை அலையை எதிர்பார்த்தால், சென்சார் கோளாறோ என்று சந்தேகம் வந்துவிடும்.

இப்போது சென்சார் துல்லியத்துக்கு வருவோம். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்ததாக நினைத்து 4 சென்டிமீட்டரில் புதைத்துவிட்டீர்கள் என்றால், மேலே சொன்ன சித்திரை மதியத்தில் அந்த ஒரு சென்டிமீட்டர் பிசகே சுமார் ஒரு டிகிரி வித்தியாசம் காட்டும். அங்கே போய் 0.1 டிகிரி துல்லியமுள்ள விலை உயர்ந்த சென்சாரை வைப்பதில் என்ன பயன்? ஒரு மீட்டர் ஆழத்தில் கதை தலைகீழ். ஆழம் ஐந்து சென்டிமீட்டர் பிசகினாலும் எண் பெரிதாக மாறாது, ஆனால் அங்கே நீங்கள் தேடுவது வருடத்துக்கு வருடம் வரும் அரைக்கால் டிகிரி மாற்றத்தை. அரை டிகிரி பொய் சொல்லும் சென்சார் அதை விழுங்கிவிடும். ஆக மேலே இடமும் ஆழமும் முக்கியம், கீழே போகப் போகக் கருவி முக்கியம். காசு இருந்தால் கீழே செலவழியுங்கள். பெரும்பாலும் ஆட்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள், அதாவது எல்லா ஆழத்துக்கும் ஒரே சென்சாரை டஜன் கணக்கில் வாங்கிவிடுகிறார்கள்.

ஆழம் எவ்வளவு என்பது எதற்காக அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விதை, வேர், கடலையின் விழுது, மண்ணில் இருக்கும் ரைசோபியம் (கடலை வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா), யூரியா கரைந்து மாறும் வேகம், இவையெல்லாம் மேல் 20 சென்டிமீட்டர் சமாச்சாரம். மார்கழிப் பட்டத்தில் கடலை போட்டால் முளைப்பு இழுத்துக்கொண்டே போவதற்கு ஒரு காரணம் விதை கிடக்கும் ஆழத்தில் விடியல் நேரச் சூடு 20 டிகிரிக்குக் கீழே போய்விடுவதுதான். சித்திரையில் வெறும் நிலத்தில் மேல் 5 சென்டிமீட்டர் 40 டிகிரியைத் தாண்டும்போது ரைசோபியம் தாக்குப்பிடிப்பது கஷ்டம். இந்த மாதிரி பயிர்க் கேள்விகளுக்கு 5, 10, 20 போதும். உலக வானிலை அமைப்பு பரிந்துரைக்கும் வரிசை 5, 10, 20, 50, 100 சென்டிமீட்டர். நம் நாட்டு வேளாண் வானிலை நிலையங்களில் 5, 10, 20 என்ற மூன்று ஆழத்திலும் வளைந்த தண்டுள்ள தெர்மாமீட்டர்களை வைத்துக் காலை 7, மதியம் 2 மணிக்குக் குறிப்பெடுப்பது வழக்கம். நீங்கள் இந்த ஐந்து ஆழங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 15, 45 என்று சொந்தமாக எதையாவது வைத்தால் பின்னால் யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. ஐந்தும் முடியாதென்றால் 5, 20, 100 என்ற மூன்றோடு தொடங்கலாம், தப்பில்லை.

அந்த 7 மணி, 2 மணி எண்களோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 20 சென்டிமீட்டர் ஆழத்தில் உச்சம் வருவது ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு, மிகக் குறைவு காலை ஏழு, எட்டு மணிக்கு. மதியம் 2 மணி அங்கே ஏறிக்கொண்டிருக்கும் பாதி வழி. அதனால் இரண்டு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது அன்றைய உண்மையான சராசரி ஆகாது, அதைவிடக் குறைவாக இருக்கும். 5 சென்டிமீட்டரில் அதே இரண்டு நேரமும் கிட்டத்தட்டக் குறைந்ததும் கூடியதுமாக அமைந்துவிடும். உங்கள் லாகரிலிருந்து (சென்சார் எண்களை நேரத்தோடு பதிந்து வைக்கும் கருவி) அதே இரண்டு நேர எண்களை மட்டும் எடுத்து ஒப்பிடுவதுதான் நியாயம்.

சரி, இடம். இரண்டு இடம் வேண்டும் என்பேன். ஒன்று, எப்போதும் களையெடுத்து வெறும் மண்ணாகவே வைத்திருக்கிற ஒரு சதுரம், ஒரு பக்கம் மூன்று நாலு மீட்டராவது இருக்கட்டும், பக்கத்தில் மரம், சுவர், மோட்டார் ரூம், கான்கிரீட் வாய்க்கால் எதுவும் கூடாது. தண்ணீர் பாயக்கூடாது, மழை மட்டும் பெய்யலாம். இன்னொன்று, நீங்கள் நிஜமாகப் பயிர் செய்யும் பாத்திக்குள். முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் வைத்தால் பத்து வருடம் கழித்து மண் இரண்டு டிகிரி ஆறியிருக்கிறது என்று ஒரு வரைபடம் கிடைக்கும், காரணம் பக்கத்து வரிசைத் தென்னங்கன்று மரமாகி நிழல் விழ ஆரம்பித்ததாக இருக்கும். மரத்தை வெட்டினாலோ வைத்தாலோ, மூடாக்குப் போட்டாலோ எடுத்தாலோ மண்ணின் சூடு மாறுவது தட்பவெப்ப மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது. நிழலாலும் மூடாக்காலும் வரும் அந்த மாற்றத்தைப் பார்க்கத்தான் அளக்கிறீர்கள் என்றால் ரொம்ப நல்லது. ஆனால் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல அந்த வெறும் சதுரம் இல்லாமல் முடியாது. வேலி போடாவிட்டால் ஆடு வந்து படுத்துக்கொள்ளும், அதுவும் நல்ல வெறும் தரையாகப் பார்த்துத்தான் படுக்கும்.

அடுத்து, யாரும் பேசாத விஷயம், தரை மட்டம். ஐந்து சென்டிமீட்டர் என்றால் எதிலிருந்து ஐந்து? வயலில் தரை ஓரிடத்தில் நிற்பதில்லை. ரோட்டவேட்டர் ஓட்டினால் மண் பொங்கி உயரும், இரண்டு மழைக்குப் பிறகு அமுங்கும், ஏரி வண்டல் அடித்தால் ஒரு விரற்கடை கூடும், கடலைக்கு மண் அணைத்தால் இன்னும் மேலே போகும், சரிவான இடத்தில் ஐப்பசி மழை ஒரு அடுக்கை அப்படியே வழித்துக்கொண்டு போகும். மேலே 2 சென்டிமீட்டர் மண் சேர்ந்தாலே 5 சென்டிமீட்டர் சென்சாரின் ஊசலாட்டம் 15 சதவீதம் குறையும், மண் குளிர்ந்துவிட்டதாகவே வரைபடம் காட்டும். இதற்கு மருந்து எளிது: சென்சார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கல்லுக்காலையோ இரும்புக் குழாயையோ ஆழமாக நட்டு, அதில் அன்றைய தரை மட்டத்தை ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு வையுங்கள். மாதம் ஒரு தடவையும், ஒவ்வொரு உழவுக்கும் கனமழைக்கும் பிறகும், கீறலிலிருந்து தரை எத்தனை சென்டிமீட்டர் மேலே, கீழே என்று ஸ்கேலை வைத்துப் பார்த்து எழுதுங்கள். பெயின்ட்டில் கோடு போட வேண்டாம், வெயிலில் போய்விடும்.

புதைக்கும் முறை. மேலிருந்து கடப்பாரையால் குத்தி அந்தத் துளைக்குள் சென்சாரைச் செருகுவது வேண்டாம். மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே நேராக சென்சாருக்கு இறங்கும், துளைக்குள் காற்று தங்கும். ஒரு குழி வெட்டுங்கள், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக ஆழம், மண்ணை மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு என்று தனித்தனியாகக் குவித்து வையுங்கள். குழியின் ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் சீவி, அந்தச் சுவருக்குள் கிடைமட்டமாக, குறைந்தது ஒரு சாண் நீளத்துக்கு, சென்சார் பருமனுக்கே ஒரு துளை போட்டு உள்ளே தள்ளுங்கள், அப்போதுதான் அது கலையாத மண்ணில் இருக்கும். ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று வராமல் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. ஒயர் சுவரிலிருந்து வெளியே வந்ததும் ஒரு வளைவு கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும். அப்புறம் எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில், கீழ் மண் கீழேயே போகும்படி நிரப்பி, அரையடிக்கு ஒரு தடவை மிதித்து இறுக்குங்கள். எத்தனை இறுக்கினாலும் ஒரு வடகிழக்குப் பருவமழை பார்த்த பிறகுதான் அந்தக் குழி மண் செட்டில் ஆகும், அதுவரை வரும் எண்களைச் சேமித்து வையுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கம் கரிசலில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு வேலை இன்னும் கஷ்டம். கோடையில் கரிசல் வெடிக்கும்போது வெடிப்பு சென்சார் வழியாகவே போகலாம், சென்சாருக்கும் மண்ணுக்கும் இடையே காற்று புகுந்தால் மதிய எண் திடீரென்று எகிறும். அங்கே ஒவ்வொரு ஆழத்துக்கும் இரண்டு மூன்று சென்சாராவது தள்ளித் தள்ளி வைத்தால்தான் எது மண்ணின் சூடு, எது வெடிப்பின் சூடு என்று தெரியும். உங்கள் செம்மண்ணில் அந்தத் தொல்லை இல்லை.

சென்சாரில் எல்லோரும் முதலில் வாங்குவது டிஎஸ்18பி20, ஸ்டீல் குப்பிக்குள் அடைத்து ஒயரோடு வருவது. மலிவு, ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி உண்டு என்பதால் ஒரே ஒயரில் பலவற்றைக் கோக்கலாம், 0.0625 டிகிரிப் படிகளில் எண் தரும். ஆனால் படி சின்னது என்பதால் துல்லியம் என்று அர்த்தமில்லை, அதன் உத்தரவாதம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி. சந்தையில் போலிகள் ஏராளம், அவற்றுக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது. 5, 10, 20 சென்டிமீட்டருக்கு இது தாராளமாகப் போதும். 50-க்கும் 100-க்கும் நாலு ஒயர் பிடி100 (பிளாட்டினத்தின் மின்தடையை வைத்துச் சூட்டை அளப்பது) அல்லது நல்ல தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் சின்னச் சில்லு) வையுங்கள். டிஎஸ்18பி20-ல் ஒரு குணம் தெரிந்திருக்க வேண்டும்: மின்சாரம் வந்த உடனே, அளந்து முடிப்பதற்கு முன்பு படித்தால் 85 என்று சொல்லும். ஒயர் அறுந்தால் பெரும்பாலான நிரல்கள் மைனஸ் 127 என்று எழுதும். இந்த இரண்டையும் வடிகட்டாமல் எக்செல்லில் சராசரி போட்டு, மண் கொதிக்கிறது என்று பதறியவர்கள் உண்டு.

ஸ்டீல் குப்பியும் ஒயரும் சேரும் வாய்தான் முதலில் போகும். அந்த இடத்தில் எபாக்ஸி ஊற்றி, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுகாட்டிச் சுருக்கிவிடுங்கள். ஒயர் முழுவதும் தடித்த ஹோஸுக்குள்ளோ பிவிசி குழாய்க்குள்ளோ போகட்டும், எலி கடிக்கும். பயிர்ப் பாத்தியில் ஒயர் உழவு ஆழத்துக்குக் கீழே, ஒன்றரை அடியிலாவது ஓட வேண்டும், மேல் இரண்டு சென்சாரையும் ஒவ்வொரு உழவுக்கும் முன்னால் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை. அதனால்தான் பாத்திக்குள் இருக்கும் 5, 10 எண்களைப் பருவத்துக்குப் பருவம் தனித்தனிப் பதிவாகப் பார்க்க வேண்டும், பத்து வருடத் தொடராக நினைக்கக் கூடாது.

புதைப்பதற்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டியது ஐஸ் சோதனை. தெர்மாகோல் பெட்டியில் நொறுக்கிய ஐஸைக் கொட்டி, ஐஸுக்கிடையே இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். மிதக்கும் அளவு தண்ணீர் கூடாது. எல்லா சென்சாரையும் ஒரே கட்டாகக் கட்டி நடுவில் செருகி, கலக்கிவிட்டு, இருபது நிமிடம் கழித்து எண்களை எழுதுங்கள். எல்லாம் 0 காட்ட வேண்டும். ஒன்று 0.3 காட்டினால் அதன் பிழை 0.3, நோட்டில் அதன் முகவரிக்கு நேராக எழுதிவிடுங்கள். பிறகு அதே கட்டை அறை வெப்பத்தில் உள்ள ஒரு வாளித் தண்ணீரில், மூடிய தெர்மாகோல் பெட்டிக்குள், ராத்திரி முழுக்க வைத்து ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். நம் மண் 20-க்கும் 50-க்கும் இடையில் இருப்பதால் இந்த இரண்டாவது சோதனைதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். சான்றளிக்கப்பட்ட தெர்மாமீட்டர் ஒன்று வேளாண் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு நாளைக்குக் கிடைத்தால் அதையும் வாளியில் போடுங்கள்.

ஆனால் ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்ததைத் திரும்ப எடுத்துச் சோதிக்க முடியாதே? அதற்குப் பழைய வானிலை நிலையங்கள் கண்ட வழி, குழாய். அடி மூடிய ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி, அதற்குள் சங்கிலியில் தெர்மாமீட்டரைத் தொங்கவிடுவார்கள், வெளியே இழுத்துப் படிக்கும் நேரத்துக்குள் எண் மாறிவிடாமல் இருக்க அதன் குமிழை மெழுகில் பதித்திருப்பார்கள். நீங்கள் ஒல்லியான, முக்கால் அங்குல பிவிசி குழாய் போட்டு, அடியில் சென்சார், அதற்கு மேல் குழாய் வாய் வரைக்கும் ஃபோம் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் மார்கழி ராத்திரியில் மேலே குளிர்ந்த காற்று கனத்து உள்ளே இறங்கும், அடியில் இருக்கும் சென்சார் மண்ணின் சூட்டைக் காட்டாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உருவி எடுத்து ஐஸில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப இறக்கலாம்.

எத்தனை நிமிடம் என்ற கேள்விக்கு நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மேல் மூன்றுக்கும் 15 நிமிடம், 50-க்கு ஒரு மணி, 100-க்கு ஒரு நாளைக்கு நாலு தடவை. எல்லாவற்றுக்கும் 15 நிமிடம் என்றாலும் பாதகமில்லை, மெமரி கார்டு நிரம்பப் போவதில்லை. கடிகாரம்தான் முக்கியம். டிஎஸ்3231 மாதிரி நல்ல கடிகாரச் சில்லு போட்டு, பட்டன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். கடிகாரம் இரண்டு மணி நேரம் பிசகிய பதிவைச் சரிசெய்வது எண் பிசகியதைச் சரிசெய்வதைவிடத் தலைவலி.

நோட்டைப் பற்றி. தேதி போட்டு எழுத வேண்டியவை: மழை எத்தனை மில்லிமீட்டர் (ஒரு சாதாரண மழைமானி வாங்கிவிடுங்கள், ஆறாவது ஏழாவது சென்சாரைவிட அது உபயோகம்), தண்ணீர் பாய்ச்சிய நேரம், உழவு, களை, மூடாக்கு, கீறலிலிருந்து தரை மட்டத்தின் அளவு, பக்கத்தில் மரம் வெட்டியது, சென்சார் மாற்றியது, பேட்டரி மாற்றியது. வருடத்துக்கு நாலு முறை, ஒரே இடத்தில் நின்று நாலு திசையிலும் போட்டோ. இவ்வளவுதான். போனில் எழுதுகிறேன் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, ஆனால் பத்து வருடத்தில் நாலு போன் மாறும்.

நோட்டு எதற்கு என்று ஒரு வரைபடத்தை வைத்தே காட்டலாம். கோடையில் மதியம் ஒரு மணிக்குக் கடலைப் பாத்திக்குக் கிணற்றுத் தண்ணீர் பாய்கிறது என்று வையுங்கள். 28, 29 டிகிரித் தண்ணீர். 5 சென்டிமீட்டர் கோடு 42-லிருந்து செங்குத்தாக விழும், சில நிமிடங்களில் பத்து டிகிரிக்கு மேல். 10 சென்டிமீட்டர் கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் குறைவாக விழும். 20 சென்டிமீட்டர் கோடு, மேல்மண்ணின் சூட்டைத் தண்ணீர் அள்ளிக்கொண்டு இறங்குவதால், சில சமயம் லேசாக ஏறவும் செய்யும். அடுத்த இரண்டு மூன்று நாள் மதிய உச்சம் முன்புபோல எழாது, ஈரம் ஆவியாவதிலேயே வெயிலின் பெரும்பகுதி செலவாகிவிடும், மண் காயக் காய உச்சம் நாளுக்கு நாள் ஏறும். அந்த ஏற்றத்தை வைத்தே அடுத்த தண்ணீர் எப்போது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நோட்டில் “மதியம் 1 மணி தண்ணீர்” என்று ஒரு வரி இருந்தால் இதெல்லாம் தகவல், இல்லாவிட்டால் கோளாறு என்று அழித்துவிடுவீர்கள்.

உங்கள் பதிவே உங்களுக்குச் சோதனைக்கருவியும் ஆகும். தொடர்ந்து வெயிலடித்த ஒரு வாரத்தை எடுத்து 10, 20 சென்டிமீட்டர் ஊசலாட்டங்களின் விகிதத்தையும், உச்சங்களுக்கு இடையே உள்ள நேரத்தையும் பாருங்கள். ஈரமுள்ள மண்ணில் விகிதம் 0.43 பக்கம், தாமதம் மூன்றேகால் மணி பக்கம் இருக்க வேண்டும். விகிதம் ஒரு கதையும் தாமதம் இன்னொரு கதையும் சொன்னால் ஒன்று ஆழம் தப்பு, இல்லை மண்ணுக்குள் தண்ணீர் நகர்கிறது, இல்லை ஒயர் வழியாகச் சூடு இறங்குகிறது. வருடம் இரண்டு முறை இந்தக் கணக்கைப் போட்டால் போதும்.

இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1837-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியலாளர் 24 பிரெஞ்சு அடி, அதாவது ஏழே முக்கால் மீட்டர் ஆழம் வரை நீண்ட தண்டுள்ள தெர்மாமீட்டர்களைப் புதைத்தார், பின்னால் கெல்வின் பிரபு அந்த எண்களை வைத்துத்தான் மேலே சொன்ன அலைக் கணக்கைப் பாறைக்குப் போட்டுப் பார்த்தார். நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் வானாய்வகத்தில் ஜான் கால்டிகாட் 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை நிலத்தின் வெப்பநிலையை அளந்து வெளியிட்டிருக்கிறார். மூன்றரை வருடத்தோடு அது நின்றுவிட்டது என்பதுதான் வருத்தம், இன்று வரை ஓடியிருந்தால் வெப்பமண்டலத்தில் அதற்கு இணையே இருந்திருக்காது. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் 1890-களிலிருந்து 12 மீட்டர் ஆழம் வரை அளக்கிறார்கள். வட அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் 30 சென்டிமீட்டர், 1 மீட்டர் என்று இரண்டே ஆழம், 1904-லிருந்து நூற்றாண்டுக் கணக்கு. இரண்டே தெர்மாமீட்டர்தான் என்பதைக் கவனியுங்கள்.

பத்து வருடத்தில் பருவநிலை மாற்றம் தெரியுமா என்று கேட்டால், உங்கள் நிலத்து எண்ணை மட்டும் வைத்துத் தெரியாது. காற்றின் வெப்பம் பத்தாண்டுக்கு 0.1, 0.2 டிகிரி அளவில்தான் ஏறுகிறது, ஒரு பருவமழை பொய்த்தால் அந்த ஒரு வருடமே மண் அதைவிட அதிகம் சூடாகிவிடும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் நாட்டின் பல இடங்களில் ஆழ்துளைகளில் தெர்மாமீட்டரை இறக்கி வெப்பநிலையை அளந்து, கடந்த 150 வருடத்தில் நிலப்பரப்பு சுமார் 0.9 டிகிரி சூடாகியிருக்கிறது என்று கணித்தார்கள். நூறு மீட்டர் அளவுக்கு இறங்கினால்தான் அந்தப் பழைய காலம் மண்ணுக்குள் மிச்சமிருக்கும். உங்கள் ஒரு மீட்டர் சென்சார் பத்து வருடத்தில் சொல்லக்கூடியது வேறு: தென்னந்தோப்பு நிழல், மட்டை மூடாக்கு, சொட்டுநீர், இவை உங்கள் மண்ணை எத்தனை டிகிரி மாற்றுகின்றன, கார்த்திகையில் விதைப்பதற்கும் தையில் விதைப்பதற்கும் மண்ணில் என்ன வித்தியாசம் என்பதெல்லாம். அதுவே பெரிய விஷயம்தான்.

சென்சார் எப்படியும் நாலைந்து வருடத்தில் ஒன்றிரண்டு போகும். செத்த பிறகு மாற்றினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒட்டாது. அதனால் 100 சென்டிமீட்டருக்கு ஆரம்பத்திலேயே இரண்டு குழாய், இரண்டு சென்சார். ஒன்று போனால் மற்றது ஓடிக்கொண்டிருக்கும், புதிது வந்து ஒரு முழு வருடமாவது இரண்டும் சேர்ந்து ஓடிய பிறகு புதியதன் எண்ணை நம்பலாம். பழைய கோப்பில் எதையும் திருத்தாதீர்கள், திருத்தம் தனிக் கோப்பில் இருக்கட்டும்.

கடைசியாக இணையம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், முதல் இரண்டு வருடம் மட்டும் வேண்டாம். சிம் ரீசார்ஜ் முடிவது, இலவச சர்வர் மூடிப்போவது, சோலார் பேனலில் தூசி, இவற்றால் வரும் இடைவெளி அதிகம். மெமரி கார்டில் எழுதட்டும், மாதம் ஒரு தடவை போய் எடுங்கள், போகும்போது தரை மட்டத்தையும் களையையும் பார்த்துவிடலாம், எப்படியும் போகத்தானே வேண்டும். குழியைத் தை மாதம் வெட்டுங்கள், மழை முடிந்து மண் பதமாக இருக்கும், சுவர் சரியாது. வெறும் சதுரத்துக்கு 5, 20, 100 வாங்கிவிட்டு ஐஸ் சோதனை எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.